அம்மையின் கார்டில் கிடந்த பெயர்

என் தங்கச்சியை ஆபரேஷன் மேசையில் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும். நாலு மாதமாக எங்கள் வீட்டில் இருந்த ஒரே வேலை அதுதான். அதை எங்களால் செய்ய முடியவில்லை. முடியாமல் போனதற்கு யார் யார் காரணம் என்று எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பட்டியலில் முதல் ஆள் நான். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்வதுதான் முறை.

கேரள எல்லைக்குள், உதியன்குளங்கரை ஜங்ஷனில் எனக்கு ஒரு அப்ளிகேஷன் கடை உண்டு. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பேப்பர் மாட்டிக்கொண்டால் குத்து வாங்கும் ஒரு ஜெராக்ஸ் மிஷின். எல்லைக்கு அந்தப் பக்கத்து விண்ணப்பத்தைத் தமிழிலும் இந்தப் பக்கத்து விண்ணப்பத்தை மலையாளத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவேன். பெருங்கடவிளையிலிருந்துகூட பஸ் ஏறி என்னைத் தேடி வருவார்கள். வருமானச் சான்றிதழா, ஜாதிச் சான்றிதழா, வீட்டு வரியா, எந்த ஆபீஸில் எந்த மேசைக்கு எந்தக் காகிதம் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

நாங்கள் பிறந்து வளர்ந்தது களியக்காவிளை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம். நான் பிழைப்புக்கு இந்தப் பக்கம் வந்து, இங்கேயே கல்யாணமும் கட்டி, கேரள ஆளாகிவிட்டேன். தங்கச்சியையும் பாறசாலைக்குப் பக்கத்தில்தான் கட்டிக்கொடுத்தோம். அம்மையின் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் நடுவில் ஒரு மாநிலம் மாறும்.

கல்யாணம் கட்டி எல்லை தாண்டும் பெண்ணின் பெயரைத் தாய்வீட்டு ரேஷன் கார்டிலிருந்து வெட்டி, புருஷன் வீட்டுக் கார்டில் சேர்க்க வேண்டும். அது சட்டம். இங்கே பாதிப் பேர் வெட்டுவதில்லை. அந்தப் பக்கம் அரிசி காசில்லாமல் கிடைக்கும், பொங்கலுக்குச் சேலையும் கரும்பும் வரும். பெயர் அங்கேயே கிடந்தால் மாதம் ஒரு தடவை போய் வாங்கிக்கொண்டு வரலாம். வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் செய்கிற காரியம் இது, இதில் பெரிய களவு ஒன்றும் இல்லை. தங்கச்சிக்கு மட்டும் அன்றைக்கே ஒரு சந்தேகம் இருந்தது. கல்யாணம் முடிந்த புதிதில் கடைக்கு வந்து கேட்டாள்.

"அண்ணா, எனக்க பேர இஞ்ச மாத்தாண்டாமா?"

"கெடக்கட்டு மக்கா. அம்மைக்க கார்டுல கெடந்தா அரிசியாவது வரும். இஞ்ச கொண்டுவந்து என்ன செய்யப் போறே?"

இதைச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. ஊருக்கெல்லாம் சொல்வதையே கூடப் பிறந்தவளுக்கும் சொன்னேன்.

பிறகு அம்மை செத்துப்போனாள். கார்டில் குடும்பத் தலைவி அம்மை, அவளை விட்டால் தங்கச்சி ஒருத்தி. சாவைக் கார்டில் பதியப் போனால் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும், அந்த அலைச்சலில் அரிசி நின்றுபோகும், அதனால் அதையும் அப்படியே விடு என்றேன். அதையும் நான்தான் சொன்னேன். ரெண்டு வருஷம் அம்மை கார்டில் உயிரோடு இருந்தாள். தங்கச்சி மாதாமாதம் போய், தெரிந்த கடைக்காரரிடம் கார்டைக் காட்டி அரிசி வாங்கி, துணிக்கு அடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவருவாள். சோதனைச்சாவடியில் பையைத் திற என்று சொல்லிவிடுவார்களோ என்று ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பாளாம்.

அவள் வேலை பார்த்தது அண்டியாபீஸில். முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவளுக்குத் தல்லு வேலை, அதாவது கொட்டையை வைத்துத் தட்டி உடைப்பது. எத்தனை கிலோ உடைத்தாளோ அதற்குத்தான் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை, நாலு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளுடைய புருஷன் ரப்பர் வெட்டுகிறவர். மழை பெய்தால் வெட்டு இல்லை. எங்கள் ஊரில் மழை எப்போது பெய்யாது என்று கேட்டால்தான் கஷ்டம்.

மார்பில் கட்டி இருப்பது அவளுக்கு முன்னாலேயே தெரியும். அஞ்சு மாதம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மாமியாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்தம்மா ஒரு எண்ணெயைத் தடவக் கொடுத்துவிட்டு, வெளியே சொல்லாதே, பிள்ளைகளுக்குப் பின்னால் பெண் கிடைக்காது, பையன் கிடைக்காது என்று வாயை அடைத்துவிட்டார். பெரிய பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயசு. எந்த மாப்பிள்ளை பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் வீட்டு வாசலில் வந்து நின்று உங்கள் அம்மைக்கு என்ன நோய் என்று கேட்டான்? பின்னால் ஒரு நாள் அந்தம்மாவிடம் இதை முகத்துக்கு நேராகக் கேட்டேன். அழுதார். அழுதால் ஆயிற்றா?

ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத் தங்கச்சி வந்தாள். அண்ணி வீட்டில் உண்டா என்று கேட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நேராகப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் பெண்டாட்டி வெளியே வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டுத் தாலுகா ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே பார்த்த கையோடு திருவனந்தபுரத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

அங்கே ஊசி குத்திப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, எல்லாம் முடிந்த பிறகு ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். சின்ன வயசு. மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். கட்டி இன்னும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இப்போதே ஆபரேஷன் செய்து மருந்து ஏற்றினால் பிழைத்துக்கொள்வாள், மூணு வாரத்துக்குமேல் தள்ளக் கூடாது. சிகிச்சைக்கார்டு இருந்தால் கொண்டுவாருங்கள், கார்டு இல்லையென்றாலும் வாருங்கள், வழி பார்க்கலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். என் காதால் கேட்டேன். கேட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

கார்டு விஷயம் இதுதான். கேரளத்தில் இலவச சிகிச்சைக்கார்டு வேண்டுமானால் நோயாளியின் பெயர் வீட்டு ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். தங்கச்சியின் புருஷன் வீட்டுக் கார்டில் மாமியார் உண்டு, புருஷன் உண்டு, ரெண்டு பிள்ளைகள் உண்டு. பெற்றவள் இல்லை. சரி, தமிழ்நாட்டுக் காப்பீட்டைப் பார்க்கலாமே என்றால், அதற்கு அவள் அங்கே குடியிருப்பதாக அந்த ஊர் அதிகாரி எழுதித்தர வேண்டும். அவள்தான் அங்கே இல்லையே. ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

வேறு வழியும் இருந்தது. வார்டு மெம்பர் அவராகவே வீட்டுக்கு வந்தார். சகாய கமிட்டி போடலாம், ஜங்ஷனில் பிளெக்ஸ் வைக்கலாம், பத்து நாளில் ஆபரேஷனுக்கு வேண்டியது சேர்ந்துவிடும் என்றார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் எந்த முக்குக்குப் போனாலும் ஒரு பிளெக்ஸ் நிற்கும். நோயாளியின் போட்டோ, நோயின் பெயர், கீழே பேங்க் நம்பர். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு வேண்டாம் என்றாள். எந்த இடத்தில் நோய் என்று ஊரில் இருக்கிற ஆண்பிள்ளைகள் எல்லாம் டீ குடித்துக்கொண்டே வாசிப்பார்கள் என்ற கூச்சம் அவளுக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு என்ன வந்தது? என் கடைக்கு எதிரே என் தங்கச்சியின் போட்டோ கையேந்தி நிற்பதா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மெம்பரிடம், ஒண்ணும் வேண்டாம், கார்டு சமாச்சாரம் நான் பார்த்துக்கொள்கிறேன், பத்து நாளில் முடித்துவிடுவேன் என்றேன். என் தொழில் அல்லவா! அன்றைக்கு என் வாயில் ஒருவரும் மண்ணை அள்ளிப் போடவில்லை.

மறுநாளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அம்மையின் கார்டில் தங்கச்சியின் பெயரை வெட்டக் கேட்டால், கார்டில் பதிந்த போனுக்கு ரகசிய எண் போகும் என்றது. அது அம்மையின் போன். அவளோடு போனது. எண் வராவிட்டால் ஆளைக் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் கைரேகை வைக்க வேண்டும். சரி என்று அண்டியாபீஸுக்கு ஒரு நாள் லீவு சொல்ல வைத்து, எல்லை தாண்டிக் கூட்டிப்போனேன்.

கைரேகை மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் நல்ல பெண்தான். தங்கச்சியின் பெருவிரலை வைத்து அழுத்தினாள். சிவப்பு விளக்கு. துணியால் துடைத்து மறுபடியும் அழுத்தினாள். சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரேகையே இல்லையே அக்கா என்றாள். தங்கச்சி ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி சிரித்தாள்.

"பத்து விரலயும் அண்டிக்கறை தின்னாச்சு ஆக்கும்."

முந்திரித் தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு, தோலைப் பொசுக்கிவிடும். பதினைந்து வருஷம் அதை உடைத்தவளிடம் கைரேகை காட்டு என்றால் அவள் எங்கே போவாள்? கண்ணைப் படம் பிடிக்கும் மிஷின் ஒன்று இருந்தது. அது ரிப்பேர். அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் போனால் ரிப்பேருக்குக் கொண்டுபோன மிஷின் வரவில்லை. அதற்கும் அடுத்த வாரம் மிஷின் வந்தது, கண் பதிந்தது. அதோடு ஒரு அதிகாரியின் மேசைக்குப் போகச் சொன்னார்கள். டாக்டரம்மா சொன்ன மூணு வாரம் அங்கேயே தீர்ந்துபோயிற்று.

அந்த அதிகாரியை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். தலைவி எங்கே, அவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார். செத்துப்போனாள் என்றேன். எப்போது என்றார். சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அப்படியென்றால் ரெண்டு வருஷமாகப் பிணத்தின் பெயரில் யார் அரிசி தின்றது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். அவர் கேட்ட கேள்வி நியாயம்தான். ஆனால் அதைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது பாருங்கள், அதற்குத்தான் அவரை மன்னிக்க மாட்டேன். கேஸ் எழுதலாம், வாங்கிய அரிசிக்கெல்லாம் காசு பிடிக்கலாம் என்றார். இவள் நோயாளி ஐயா, ஆபரேஷனுக்காக அலைகிறோம் என்று கெஞ்சினேன். அது வேற, இது வேற என்றார்.

தங்கச்சி பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, போலீஸ் வருமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு ரெண்டு வாரம் எந்த ஆபீஸுக்கும் வர மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டுக்குக் கூப்பிடப் போனால் அண்டியாபீஸுக்குப் போயிருப்பாள். கட்டியை உடம்பில் வைத்துக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், வீட்டில் இருந்தால் நினைவு அதிலேயே போகும், அங்கே இருந்தால் கை வேலையில் போகும், அவ்வளவுதானே என்பாள்.

அவளுடைய புருஷன், என் அளியன், தினமும் காலையில் ரப்பர் வெட்டு முடிந்து வரும் வழியில் கடைக்கு முன்னால் வந்து நிற்பார். ரப்பர் பால் நாற்றத்தோடு, கையில் கத்தியோடு. உள்ளே வர மாட்டார். "அளியா, கார்டு எப்ப கிட்டும்?" அவ்வளவுதான் கேட்பார். முதலில் பதில் சொன்னேன். பிறகு எரிந்து விழுந்தேன். பிறகு அவர் தலை தெரிந்தாலே கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஏன் அன்றைக்கு மெம்பர் சொன்னதைக் கேட்கவில்லை, ஏன் டாக்டர் கார்டு இல்லாமலே வா என்று சொல்லியும் கூட்டிப்போகவில்லை என்று என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். அந்த மனுஷனுக்கு அதெல்லாம் வராது. படித்தவன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

நடுவில் ஒரு நாள் என் பெண்டாட்டி கேட்டாள். கார்டு கிடக்கட்டும், நாம் நேரே ஆசுபத்திரிக்குப் போய் அந்த டாக்டரின் காலில் விழுந்தால் என்ன என்று. அவள் மேல் பாய்ந்தேன். பாதி வேலை முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வாரம், இப்போது போய்க் கெஞ்சினால் இத்தனை நாள் அலைந்ததற்கு என்ன அர்த்தம் என்றேன். கேட்டீர்களா? நான் அலைந்ததற்கு அர்த்தம் வேண்டுமாம் எனக்கு. கட்டி அங்கே அவள் உடம்புக்குள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் இங்கே அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மையின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, அந்த அதிகாரியின் கையைக் காலைப் பிடித்துக் கேஸ் இல்லாமல் ஆக்கி, தங்கச்சியையே தலைவியாக்கி, பிறகு அவள் பெயரை வெட்டிக் காகிதம் வாங்கினேன். கொண்டுவந்து இந்தப் பக்கம் கொடுத்தால், ஆதார் நம்பர் இன்னும் வேறொரு கார்டில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறது என்றார்கள். காகிதம் இருக்கிறதே என்றேன். காகிதத்தில் போயிருக்கிறது, கம்ப்யூட்டரில் போகவில்லை என்றார்கள். அது போகக் காத்திருந்தபோது ஓணம் லீவு வந்தது. ஓணம் முடிந்து வந்தால், ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் டிரெயினிங்குக்குப் போயிருந்தார். யாரும் எங்களை விரட்டவில்லை. எல்லாரும் இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த இரண்டு நாட்களையெல்லாம் சேர்த்துத்தான் அவளைக் கொன்றோம்.

ஒரு வழியாகக் கார்டு வந்தது. என் பிரிண்டரில்தான் எடுத்தேன். அவள் பெயர் கடைசி வரியில் இருந்தது. அளியன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றே சிகிச்சைக்கார்டும் போட்டு, மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் திருவனந்தபுரம் போனோம். அவளுக்கு அதற்குள் முதுகுவலி வந்திருந்தது. கொட்டை உடைக்கக் குனிந்து குனிந்து வந்த வலி என்று அவளும் சொன்னாள், நாங்களும் நம்பினோம்.

அதே டாக்டரம்மாதான். பழைய சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி சொன்னாள்.

"ரேஷன் கார்டுல பேரு இல்லாம இருந்து, டாக்டரே."

டாக்டரம்மா பேனாவை மூடி மேசையில் வைத்தார். அதற்குப் பதில் அவர் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், நன்றாக இருந்திருக்கும். புதிதாக ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் வந்தபோது கட்டி முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போயிருந்தது. இனி ஆபரேஷன் செய்து பிரயோஜனம் இல்லை, வலி குறையவும் நாளைக் கொஞ்சம் நீட்டவும் மருந்து கொடுக்கலாம், கார்டு இருப்பதால் காசு ஆகாது என்றார். காசு ஆகாது! அந்த வார்த்தையைக் கேட்பதற்காகத்தானே நாலு மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன்.

திரும்பி வரும்போது பஸ் பாலராமபுரத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது. அளியன் பின் சீட்டில் தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை என்று தெரியும். தங்கச்சி என் பக்கத்தில் இருந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, நான் போயாச்சுன்னா எனக்க பேர உடனே வெட்டிரணும், கேட்டியளா. அம்மைக்க மாதிரி விட்டுராண்டாம். நாளைக்கு பிள்ளியளுக்கு ஒரு சோக்கேடு நோவுன்னு வந்தா கார்டு முடங்கப்பிடாது."

பஸ் என்றும் பார்க்காமல் அவளைத் திட்டினேன். பேசாமல் வா, வாயை மூடு என்று கத்தினேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சரி சரி என்று என் முட்டியைத் தட்டினாள். எனக்கு ஆறுதல் சொன்னது அவள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள். கடைசி மாதங்களின் வலியைப் பற்றி எழுத மாட்டேன். அது அவளுடையது, அதை விற்க எனக்கு உரிமை இல்லை.

அடக்கம் முடிந்த அஞ்சாம் நாள் கடையைத் திறந்தேன். முதல் வேலையாக அவள் கார்டைத் திறந்தேன். பெயரை நீக்கக் காரணம் என்ன என்று கேட்டு நாலைந்து காரணங்கள் வரிசையாக வந்தன. மரணம் என்பதில் வைத்து அழுத்தினேன். சான்றிதழை ஏற்றினேன். அளியனின் போனுக்கு எண் வந்தது. கைரேகை கேட்கவில்லை. கண் கேட்கவில்லை. யாரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. யாரும் லீவில் இல்லை, டிரெயினிங்கில் இல்லை. மறுநாள் மத்தியானம் ஒப்புதல் வந்துவிட்டது. உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது என்று மலையாளத்தில் ஒரு செய்தி. கடையில் வருமானச் சான்றிதழுக்கு ஒரு அம்மா காத்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பதை மறந்து கம்ப்யூட்டரைப் பார்த்து வாய்க்கு வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். உள்ளே கொண்டுவர நாலு மாதம். வெளியே அனுப்ப ஒன்றரை நாள்.